நிரல்மொழி விளக்கநூல்களும் அவற்றின் திருத்தமும்

எமதூராகிய ஆலத்தியூர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை நூல்களைக் கொண்டு அறியப் புகுவார் இடர்ப்படுதல் திண்ணம். 1995-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களுக்கு முன் அச்சேறிய நூல், திருச்சிராப்பள்ளி என்னும். அதன் பின் எழுந்தது, பெரம்பலூர் என்னும். 2001-இல் எழுதப்பட்டது அரியலூர் என்னும். 2002-க்குப் பின் வந்தது மீண்டும் பெரம்பலூர் என்னும். 2007 நவம்பருக்குப் பிற்பட்டவை மறுபடியும் அரியலூர் என்னும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் சிமெண்டு ஆலையும் அவற்றின் புழுதியும் இடம்பெயரவில்லை. அந்நூல்களுள் ஒன்றேனும் பொய் கூறிற்றென்றும் சொல்லுதற்கில்லை. ஒவ்வொன்றும் தான் எழுதப்பட்ட நாளில் மெய்யே கூறிற்று. பழைய நூலை நம்பி ஒருவர் முகவரி எழுதினும், எங்களூர் அஞ்சற்காரர் அறிவுடையராதலின், ஊர்ப் பெயரைக் கண்டு கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவர்.

அஞ்சற்காரரைப் போலப் பிழை பொறுத்துப் படிக்கும் பண்பு சிறிதும் இல்லாத வாசகர் ஒருவர் உளர். அவர் பெயர் கம்பைலர். தமிழகப் பாடநூல்கள் அவரை நிரல்பெயர்ப்பி என்று வழங்கும். மாந்தர் எழுதிய நிரலைப் பொறிக்கு விளங்கும் மொழியாகப் பெயர்த்துத் தருவது அதன் தொழில். கட்டமைக்கும் கருவி என ஒன்றும் அதற்குத் துணையாக உண்டு. பல கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும் நிரலை, வேண்டிய பிற தொகுதிகளோடு ஒன்றுசேர்த்து, முறை பிறழாது பெயர்ப்பிக்கு ஊட்டி, முடிந்த பொருளாக எடுத்து வைப்பது அது. இவ்விரண்டனையும் கையாளும் வகையைக் கற்பிப்பது விளக்கநூல். கருவிகள் ஆண்டுதோறும் புதுப்பதிப்புப் பெறுகின்றன. விளக்கநூலோ எழுதியவர் கையை விட்டு நீங்கிய அன்று நின்றபடியே நிற்கின்றது. இடையில் வீழ்ந்து துன்புறுபவன் யாவன் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

தமிழ் மாணாக்கர்க்கு இங்கென்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அன்னார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறி விடையிறுப்போம்.

சென்ற கோடை விடுமுறையில் ஊர் சென்றிருந்த காலை, எம் சிற்றப்பாவின் மகன் ஒரு மடிக்கணினியுடன் எம்மிடம் வந்தான். அது பல ஆண்டுகட்கு முன் அவன் தமக்கைக்குப் பள்ளியில் அரசு வழங்கியது. அவனோ பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் கணினி அறிவியற் பிரிவிற் சேர விரும்பியவன். புதுப் பாடநூல் கைக்கு வருமுன்னரே கற்றுக்கொள்ளும் ஆர்வத்தால், அயல்வீட்டார் பரணிலிருந்து ஒரு பழைய சி++ வழிகாட்டி நூலைப் பெற்று, அதன் முதற் பயிற்சியை எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டியிருந்தான். பன்னிரண்டு வரி. நிரல்பெயர்ப்பி முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ஐஓஸ்ட்ரீம்.எச் என்னும் பெயருடைய கோப்பு இல்லையென்று அது கூறிற்று. அவ்வரியை அடித்தால், கானியோ.எச் என்பதும் இல்லையென்றது. அதனையும் அடித்தால், பிழைகள் ஒருங்கே மளமளவென வந்து விழுந்தன. மூன்று நாள் முயன்றிருக்கின்றான். “அண்ணே, புத்தகத்தில் உள்ளபடியேதான் அடித்தேன். எனக்கு இது வராதுபோல் இருக்கிறது, வேறு பிரிவில் சேர்ந்துகொள்கிறேன்” என்றான்.

அவன் சொற்களுள் எம்மை உறுத்தியது இறுதிப் பகுதியே. நூலும் பொறியும் முரண்பட்டபோது, நூலை ஐயுறாமலும் பொறியை ஐயுறாமலும் அவன் தன்னையே ஐயுற்றான். ஆசிரியர் அருகிலிருப்பின், இது பழைய முறையப்பா என்று ஒரு சொல்லில் தீர்த்திருப்பர். ஆசிரியர் இல்லாதான் ஒருவனுக்கு நூலே ஆசிரியர். ஆகலின், நாட்பட்ட விளக்கநூலால் மிகுதியும் கெடுபவன் நூலையன்றி வேறு துணையில்லாதவனே.

எமக்குக் கணினியிற் பயிற்சி சொற்பம். ஆயினும் பாடவேறுபாடு ஆராயும் பயிற்சி ஒருவாறு உண்டு. இரு சுவடிகள் முரண்படின் முதலில் அவற்றின் காலத்தைக் காண்க என்பது எம் ஆசிரியர் கற்பித்த பாடம். நூலின் முதல் தாளையும் மடிக்கணினியிலிருந்த நிரல்பெயர்ப்பியின் பதிப்பெண்ணையும் நோக்கினோம். பின்னர்த் தேடியறிந்த வரலாறு வருமாறு.

போர்லாண்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் டர்போ சி++ என்னும் நிரல்பெயர்ப்பியை வெளியிட்டது. நீலத் திரையும் மஞ்சள் எழுத்துமாக நம் நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் அது பெற்ற ஆட்சி மிகப் பெரிது. எம் தமையன்மார் பலர் அதனை இன்றும் கண்ணீர் மல்க நினைவுகூர்வர். சி++ மொழிக்கு உலகப் பொதுவான இலக்கணம் அந்நாளில் இல்லை. அவ்விலக்கணம் 1998-ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் வகுக்கப்பட்டது. அதன்படி, ஐஓஸ்ட்ரீம் என்னும் தலைப்புக் கோப்பு தன் வாலாகிய ‘எச்’சைத் துறந்தது, அதிலுள்ள பெயர்கள் யாவும் ‘எஸ்டிடி’ என்னும் ஒரு பெயர்க்குடியின்கீழ் வைக்கப்பட்டன, முதன்மைச் செயற்கூறாகிய ‘மெயின்’ ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. கானியோ.எச் என்பதோ எந்நாளும் மொழியின் உறுப்பன்று. டாஸ் என்னும் பழைய இயங்குதளத்திற்கே உரிய வழக்கு. அதனை மொழியிலக்கணமென்று கருதியது நம்மனோர் மயக்கம்.

இலக்கணம் மாறிய அன்றே கருவி கடுமை காட்டிற்றில்லை என்பது குறிக்கத்தக்கது. ஜிசிசி என்னும் பொதுநல நிரல்பெயர்ப்பி பத்தாண்டுக் காலம் பழைய பெயரையும் ஏற்றுக்கொண்டு, இது வழக்கொழியவிருப்பது என்று எச்சரித்து வந்தது. 2008-ஆம் ஆண்டு வெளியான அதன் 4.3-ஆம் பதிப்பிலே பழைய தலைப்புக் கோப்புகள் அறவே நீக்கப்பட்டன. அப்பத்தாண்டும் உரைகாரர்க்குக் கிடைத்த தவணை. அதற்குள் திருத்தப்படாத நூல்கள் எல்லாம் அவ்வாண்டோடு ஒரே நாளிற் பிழைபட்டன. அவற்றுள் ஓரெழுத்தும் மாறவில்லை, உலகம் மாறிற்று.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் இதற்கு நல்ல சான்று. பன்னிரண்டாம் வகுப்பிற்கு நெடுங்காலம் பயின்ற பழைய கணிப்பொறி நூல், ‘எச்’ வாலும் ‘வாய்ட் மெயின்’ என்னும் தொடக்கமும் உடையதாகவே இருந்தது. 2018-ஆம் ஆண்டு வந்த பதினொன்றாம் வகுப்புப் புதுநூலில் சி++ புதிய இலக்கணப்படி அமைந்தது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தான் மொழிக்கு மாறிற்று. வகுத்த இலக்கணம் நம்மூர்ப் பள்ளி மாணாக்கன் கையை அடைய இருபது ஆண்டு சென்றது. இதனை யாம் குறையாகக் கூறவில்லை. தமிழ்வழியிற் கற்பார்க்கு, நிரல்பெயர்ப்பி, வரிமொழிமாற்றி எனக் கலைச்சொற்களோடு தாய்மொழியில் நூல் செய்து தருதல் எளிய பணியன்று. அப்பணியைச் செய்தாரைப் போற்றுவோம். ஆயினும் அப்புதுநூல் காட்டும் டெவ்-சி++ என்னும் கருவியே 2015-ஆம் ஆண்டின் 5.11-ஆம் பதிப்போடு நெடுநாள் நின்றுபோயிற்று. அதனுள் அடங்கிய ஜிசிசி, வேறு கட்டளை இல்லாதவழி, 1998-ஆம் ஆண்டு இலக்கணத்தையே பின்பற்றுவது. இன்று ஒருவர் புதிய ஜிசிசியை இறக்கிக்கொள்வாராயின் அது 2017-ஆம் ஆண்டு இலக்கணத்தையோ அதனிற் பிந்தியதையோ பின்பற்றும். ஆகவே புதுநூலும் நம் கண்முன்னே பழநூலாகிக்கொண்டிருக்கின்றது.

இவ்விலக்கண மாற்றங்களுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ‘ஆட்டோ’ என்னும் சொல்லின் வரலாறு. பழைய நூல்களில் அது மாறியின் சேமிப்பு வகை நான்கனுள் ஒன்று. 2011-ஆம் ஆண்டு இலக்கணத்தில் அச்சொல்லுக்கு அப்பொருள் நீங்கி, மாறியின் வகையைப் பெயர்ப்பியே உய்த்துணர்ந்து கொள்க என்னும் புதுப்பொருள் ஏறிற்று. நாற்றம் என்பது சங்க காலத்தில் நறுமணத்தையும் குறித்து நின்று, இக்காலத்தில் தீநாற்றத்திற்கே உரியதானதை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இஃது வியப்பன்று. பழம்பாட்டைப் படிக்கும் நாம் உரை நோக்கி உண்மை தெளிவோம். பெயர்ப்பிக்கு உரை நோக்கும் வழக்கம் இல்லை. அவ்வகை நான்கனுள் மற்றொன்றாகிய ‘ரெஜிஸ்டர்’ 2017-ஆம் ஆண்டு இலக்கணத்தில் பயனிழந்து, வேறெவரும் அமராதபடி ஒதுக்கிவைத்த வெற்று நாற்காலியாக நிற்கின்றது.

பிழை கூறி நிற்பது ஒருவகையிற் பேருதவி. கூறாமலே கெடுப்பது அதனினும் கொடிது. ‘கெட்ஸ்’ என்றொரு கட்டளை; விசைப்பலகையில் தட்டுவதை வாங்கி வைப்பது. வாங்கும் கலம் எத்துணைப் பெரிதென்று அது கேட்பதில்லை. நாழி கொள்ளும் கலத்தில் மரக்காலைக் கவிழ்க்கும். 1988-ஆம் ஆண்டு நவம்பரில் மோரிஸ் புழு எனப்பட்ட தீநிரல் இணையத்திற் பரவியதற்கு அமைந்த வாயில்களுள் இக்கட்டளையும் ஒன்று. சி மொழி 2011-இலும் சி++ மொழி 2014-இலும் அதனைத் தம் இலக்கணத்திலிருந்து தள்ளின. பழைய வழிகாட்டிகளிலோ அது, சொற்றொடரைப் பெறுதற்கு எளிய வழியெனப் புகழப்பட்டு இன்னும் வீற்றிருக்கின்றது. பைத்தான் மொழியிலும் ஒன்று கூறலாம். ஐந்தை இரண்டால் வகுத்தால் அதன் இரண்டாம் பதிப்பு இரண்டு என்னும். மூன்றாம் பதிப்பு இரண்டரை என்னும். இரண்டும் பிழைச்செய்தி தாரா. பழைய நூலிலிருந்து வட்டிக் கணக்கை எடுத்தெழுதுவான் எங்கே வழுவினான் என்பதை எளிதில் அறியான்.

பைத்தான் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பிற்கு ஆதரவு 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு முடிந்தது. பதினோராண்டு இரு வழக்கும் உடன் நிலவின. இக்காலத்தில் அம்மொழியினர் செய்த நற்செயல் ஒன்றுண்டு. பழைய முறையில் அடைப்புக்குறியின்றி அச்சிடும் கட்டளை எழுதுவானுக்கு, வெறுமனே தவறு என்னாமல், அடைப்புக்குறி விடுபட்டது, இவ்வாறு எழுதக் கருதினையோ என்று வரிமொழிமாற்றியே வினவும்படி அமைத்தனர். கருவியே உரையாசிரியனாக அமைந்தது. எம் தம்பியின் மடிக்கணினியிலும், பெயர்க்குடியைக் கூறாது விட்ட இடத்தில், நிரல்பெயர்ப்பி அத்தகைய குறிப்பொன்றைத் தந்தே இருந்தது. ஆங்கிலத்திலிருந்தமையால் அவன் அதனைப் படியாது விட்டான்.

கட்டமைக்கும் கருவிகளின் மாற்றம் இன்னும் நுண்ணிது. நிரல் முழுதும் செம்மையாயிருப்பினும், அதனை நிறுவும் வழியே அடைபட்டுவிடும். பைத்தானில் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்னும் கருவி நெடுநாள் மொழியோடு உடன்வந்தது. 2021-இல் 3.10-ஆம் பதிப்பு, அது நீங்கவிருக்கின்றது என்றறிவித்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் 3.12-ஆம் பதிப்பு நீக்கியேவிட்டது. அக்கருவியைக் கொண்டு நிறுவுக என்று கூறும் குறிப்புகள் எத்தனையோ தொகுப்புகளின் முகப்பில் உள. முத்தையா அண்ணாமலை என்பார் ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியும் பைத்தானாற் கட்டப்பட்டது. பதிப்பி என்று தமிழிற் கட்டளையிட்டுத் திரையில் எழுதுவிக்கும் அம்மொழியைக் கண்டு யாம் எய்திய மகிழ்ச்சி பெரிது. ஆயினும் கீழ்த்தளம் அசையின் மேன்மாடமும் அசையும். அத்தகைய நூலின் விளக்கம் தன் மொழியோடு தன்னைத் தாங்கும் மொழியையும் கண்காணித்தல் வேண்டும்.

இனி, இந்நிலை தமிழுக்குப் புதிதன்று என்பதை எம் மாவட்டத்து எடுத்துக்காட்டாலேயே நிறுவுவோம். ஆலத்தியூர் உள்ள அரியலூர் மாவட்டத்திலேதான் ஏலாக்குறிச்சியும் உளது. அங்கே தங்கி அடைக்கல மாதா கோயிலைப் பேணியவர் வீரமாமுனிவர். அவர்க்கு முன், எகரமும் ஒகரமும் குறிலாயின் மேலே புள்ளி பெறும். புள்ளியில்லாத வடிவே நெடில். தொல்காப்பியம் இவ்விதியைக் கூறும், நன்னூலும் கூறும். ஓலையில் எழுதுவோரோ, எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். குறிலோ நெடிலோ என்பது படிப்போர் ஊகத்தின்பாற் பட்டது. முனிவர், புள்ளியில்லா வடிவைக் குறிலுக்கே ஆக்கி, நெடிலுக்கு வேறு வடிவம் தந்தனர் என்பர் அறிஞர். இதன் விளைவை நோக்குக. பழைய நூற்பாவை மட்டும் கையிற்கொண்டு இன்றைய அச்சுநூலைப் படிப்பவன், நாம் எழுதும் எகரத்தை ஏகாரமென்றே படித்தல் வேண்டும்! வடிவம் ஒன்றே, அதன் மதிப்பு தலைகீழாயிற்று. ‘ஆட்டோ’வின் கதையும் ஐந்தை இரண்டால் வகுத்த கதையும் இதனின் வேறல்ல.

நூற்பாவை எவரும் அழித்தாரில்லை. மூலம் அவ்வாறே நிற்க, உரையில், இஃது அக்கால வழக்கு, இக்கால வழக்கு இன்னது என்று எழுதினர். முனிவர் 1730-இல் தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணத்தையே தாம் செய்தார். பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் தனியே ஓர் இலக்கணமும் செய்தார். தரங்கம்பாடி லுத்தரன் குருமாரோடு அவர்க்கிருந்த பூசல் ஊரறிந்தது. எனினும் அவ்விலத்தீன் நூலை 1738-இல் அச்சிட்டவர் அத்தரங்கம்பாடியாரே. பயன்படும் விளக்கநூல் எவர் கையினின்று வரினும் கொள்ளத்தக்கதென்று அவர்கள் கருதினர் போலும்.

பழையதை விடமாட்டாத உள்ளம் நம் திருச்சபைகட்கும் புதிதன்று. சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்த பின், பப்ரீஷியஸ் ஐயரும் இரேனியஸ் ஐயரும் பவர் ஐயர் குழுவினரும் எத்தனை முறை மொழிபெயர்ப்பைத் திருத்தினர்! ஒவ்வொரு திருத்தத்தின்போதும், மனப்பாடமான சொல்லை மாற்றுவதோ என்று வருந்தினாரும் இருந்தனர். அவ்வருத்தத்தை யாம் இகழோம். பாட்டியார் மடியில் கேட்ட சொல்லுக்கு ஒரு தனிச்சுவை உண்டு. நீலத் திரையைப் பிரியமாட்டாத ஆசிரியரையும் அவ்வாறே இகழோம். அறுபத்துநான்கு பிட்டு விண்டோஸில் அது நேரே இயங்காதென்று கண்டும், டாஸ்பாக்ஸ் என்னும் போலிச்சூழலை அமைத்து அதனுள்ளே அதனை உயிர்ப்பித்து வகுப்பு நடத்துவோர் உளர். அவர் மாணாக்கர் தேர்வில் தேறுவர். வேலைக்குச் செல்லும் இடத்தில் முதல் வரியிலேயே நிற்பர். எமது மாற்றுரை இவ்வளவே.

ஆயின் விளக்கநூலைத் திருத்துவோர் செய்யற்பாலது யாது? பைத்தான் விளக்கநூல் ஒரு நன்முறையைக் காட்டுகின்றது. ஒரு கூறு எந்தப் பதிப்பிற் புகுந்தது, எதில் மாறிற்று, எதில் வழக்கொழிந்தது என்பதை அக்கூறின் அடியிலேயே சிறு குறிப்பாக எழுதிவைப்பர். காலம் குறித்த நூல் பழையதாகுமேயன்றிப் பொய்யாகாது. ரஸ்ட் என்னும் மொழியினர் இன்னும் ஒரு படி சென்றனர். 2015, 2018, 2021, 2024 எனத் தம் மொழிக்கு ஆண்டுப் பெயரால் பதிப்புகள் வகுத்து, நூலிலும் எப்பதிப்பிற்கு உரியதென்று கூறுகின்றனர். அன்றியும், விளக்கத்தினுள் எழுதிய எடுத்துக்காட்டு நிரல்களைத் தனியே எடுத்து, நிரல்பெயர்ப்பியிற் செலுத்தி இயக்கிப் பார்க்கும் பொறியமைப்பை மொழியோடே வைத்திருக்கின்றனர். கருவி மாறி எடுத்துக்காட்டுப் பிழைபடின், படிப்பவன் காணுமுன் எழுதியவர் காண்பர். அவர்களுடைய கட்டமைக்கும் கருவியாகிய ‘கார்கோ’, புதுத்திட்டம் தொடங்குங்கால் முன்னர் ஒரு சிறப்புக் குறி வேண்டிற்று. 2018-இல் அக்குறி தேவையற்றதாயிற்று. ஒரு சொல் குறைந்த அளவிலான மாற்றம். இத்தகைய சிறுமாற்றத்தை நூலில் தேடித் திருத்துவதற்குப் பொறுமை வேண்டும், புகழ் கிடைக்காது. புதுநூல் எழுதினார் பெயர் அட்டையில் வரும். ஒரு வரி திருத்தினார் பெயரை யாரே அறிவர்?

ஆனால் உ. வே. சாமிநாதையரை நினைக்கின்றோம். இளமையில் இவ்வரியலூரிலே தமிழ் பயின்றவர் அவர். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததோடு அமையாது, பின்னும் சுவடி கிடைக்குந்தோறும் ஒப்புநோக்கி மறுபதிப்புகளில் திருத்தினார். முதற்பதிப்பின் பெருமை குறையுமேயென்று அவர் தயங்கவில்லை.

எம் தம்பியின் செய்தியை முடிக்கவில்லை. அன்று மாலையே இருவரும் அமர்ந்து அப்பன்னிரண்டு வரியையும் திருத்தினோம். ‘எச்’சை நீக்கினோம், பெயர்க்குடியை எழுதினோம், ‘வாய்ட்’ இருந்த இடத்தில் ‘இன்ட்’ வைத்தோம், திரை துடைக்கும் வரியையும் விசைக்குக் காத்திருக்கும் வரியையும் அடித்தோம். பத்து வரியாயிற்று. திரையில் அவன் பெயர் தோன்றிற்று. பின்னர் வெள்ளைத் தாளிற் சிறு துண்டு நறுக்கி, திருத்தங்களை எழுதி, கீழே அன்றைய நாளையும் நிரல்பெயர்ப்பியின் பதிப்பெண்ணையும் குறித்து, சோற்றுப் பசையால் நூலின் அப்பக்கத்தில் ஒட்டினான். நூல் மீண்டும் அயல்வீட்டுப் பரணுக்குச் சென்றது. அவன் இப்பொழுது பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்கின்றான். பொங்கலுக்குச் சென்றபோது, அத்துண்டில் தான் எழுதியவற்றுள் ஒன்று தவறென்று கண்டுபிடித்து, அதன்மேல் இன்னொரு துண்டு ஒட்டவேண்டுமென்று கூறினான்.